குடிநீர்ச் சுரங்கம் தோண்டும்போது பணமும் நாளும் எங்கே போகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாநகரக் குடிநீருக்காகப் பாறைக்கு அடியில் சுரங்கம் வெட்டும் வேலையில் செலவையும் காலத்தையும் எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதுதான் இந்தப் பக்கத்தின் பேச்சு. அமெரிக்காவில் நடந்த மூன்று வேலைகளை உதாரணமாக எடுத்திருக்கிறேன்: நியூயார்க்கின் மூன்றாம் எண் நீர்ச் சுரங்கம், அதே நகரத்தின் டெலவேர் கால்வாய்ச் சுரங்கத்துக்கான மாற்றுப்பாதை, லாஸ் வேகஸுக்குத் தண்ணீர் கொடுக்கும் லேக் மீட் மூன்றாம் உறிஞ்சு சுரங்கம். மூன்றும் வெவ்வேறு காரணங்களால் சிக்கலில் மாட்டியவை என்பதால்தான் இந்தத் தேர்வு.

நியூயார்க்கின் மூன்றாம் சுரங்கம் எதற்காக?

நகருக்குள் தண்ணீர் கொண்டுவரும் முதல் சுரங்கம் 1917-இல் ஓடத் தொடங்கியது, இரண்டாவது 1936-இல். இரண்டையும் நிறுத்திவிட்டு உள்ளே இறங்கிப் பார்க்க வழியே இருக்கவில்லை. ஒன்றை மூடினால் அதன் சுமையைத் தாங்க மாற்று இருக்கவில்லை. பழைய வால்வை மூடினால் மறுபடி திறக்குமா என்ற பயம் வேறு. அதனால்தான் மூன்றாவது. 1954-இலேயே ஒப்புதல் கிடைத்தும் வேலை தொடங்கியது 1970-இல். எல்லாம் முடிந்தால் மொத்த நீளம் 60 மைலுக்கு மேல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர். நகரத்தின் வரலாற்றிலேயே பெரிய கட்டுமானத் திட்டம் இதுதான்.

அரை நூற்றாண்டுக்கு மேல் இழுத்தது ஏன்? பாறை அவ்வளவு கடினமா?

பாறை கடினம்தான். ஆனால் அதைவிடக் கடினமாக இருந்தது கஜானா. 1975-இல் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்குப் போனபோது சுரங்க வேலையும் நின்றது. யாங்கர்ஸில் உள்ள ஹில்வியூ நீர்த்தேக்கத்தில் தொடங்கி, பிராங்க்ஸ், மன்ஹாட்டன் வழியாக குவீன்ஸின் அஸ்டோரியா வரை போகும் முதல் கட்டம் 13 மைல்தான். அதில் தண்ணீர் ஓடியது 1998-இல். கணக்குப் போட்டால் 28 வருடம்.

இரண்டாம் கட்டத்தின் மன்ஹாட்டன் பகுதி, சுமார் எட்டரை மைல், 2013 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதுவரை திட்டத்துக்குப் போன பணம் ஏறக்குறைய 470 கோடி டாலர் என்று நகர நிர்வாகம் சொன்னது. புரூக்லின், குவீன்ஸ் பகுதியைத் தோண்டி முடித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அதை முழுதாகப் பயன்படுத்தக் கடைசி இரண்டு ஷாஃப்ட்டுகள், அதாவது தரையிலிருந்து சுரங்கத்துக்கு இறங்கும் செங்குத்துக் குழிகள், வேண்டும். 2016-இல் மேயர் டி பிளாசியோ நிர்வாகம் அந்த ஷாஃப்ட்டுகளுக்கான பணத்தைத் தள்ளிவைத்தது என்று செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பணம் திரும்ப ஒதுக்கப்பட்டது. இப்போது சொல்லப்படும் இலக்கு ஆண்டு 2032.

இந்த 470 கோடியைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருமுன் ஒரு எச்சரிக்கை. 1970-இல் செலவழித்த டாலரும் 2010-இல் செலவழித்த டாலரும் ஒன்றல்ல. இரண்டையும் அப்படியே கூட்டிச் சொல்லும் எண்ணை வைத்து "எவ்வளவு மடங்கு எகிறிவிட்டது" என்று கணக்குப் போடுவது சரியாக வராது.

பணமில்லை என்று வேலையை நிறுத்திவைத்தால் செலவும் நிற்குமே?

நிற்காது. எல்லாரும் முதலில் இப்படித்தான் நினைக்கிறார்கள், நிதித்துறைக்காரர்கள் ரொம்பவே நினைக்கிறார்கள்.

பாதியில் நிற்கும் சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். லைனிங் (உள்சுவருக்கான கான்கிரீட் உறை) போடாத இடத்தில் கூரைப் பாறை தளரும். காற்றோட்டம், மின்சாரம், காவல், லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் ஓடும். வேலை தெரிந்த ஆட்கள் வேறு இடம் போய்விடுவார்கள். மறுபடி தொடங்கும்போது ஆள் சேர்த்து, இயந்திரத்தைத் தட்டிக்கொட்டி, பழைய வேகத்துக்கு வர மாதக்கணக்காகும். ஒப்பந்ததாரர் சும்மா நின்ற நாளுக்கும் பில் நீட்டுவார், அது நியாயமும்கூட. இத்தனைக்கும் மேல் விலைவாசி.

என் கருத்தில், மண்ணும் பாறையும் தின்ற பணத்தைவிட நிறுத்தி நிறுத்தித் தொடங்கியதில் போன பணம்தான் அதிகம் உறுத்த வேண்டும். ஏனென்றால் அது மனிதர்கள் எடுத்த முடிவு.

அப்படியானால் பணத்தை எங்கிருந்து எடுப்பது?

நியூயார்க் இதற்குக் கண்ட வழி கவனிக்கத் தக்கது. 1984-இல் மாநிலச் சட்டம் மூலம் குடிநீருக்கென்று தனி நிதி ஆணையமும், கட்டணம் நிர்ணயிக்கத் தனி வாரியமும் வந்தன. ஆணையம் கடன்பத்திரம் வெளியிடும். வீட்டுக்கு வீடு வசூலாகும் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து கடன் அடையும். நகரத்தின் பொது பட்ஜெட்டில் பள்ளிக்கூடத்தோடும் போலீஸோடும் சுரங்கம் போட்டி போட வேண்டியதில்லை. ஆனால் எந்த ஆண்டு எந்த வேலை என்பதை முடிவு செய்வது மேயர் நிர்வாகம்தான் என்பதை 2016 காட்டியது. தனிப் பெட்டி இருந்தாலும் சாவி வேறொருவரிடம்!

பட்ஜெட்டையும் கால அட்டவணையையும் தனித்தனி ஆட்கள் பார்த்தால் என்ன?

மற்ற கட்டுமானத்தில் ஓரளவு சமாளிக்கலாம், சுரங்கத்தில் முடியாது. கட்டடம் என்றால் ஒரு மாடியில் சிக்கல் வந்தால் ஆட்களை இன்னொரு மாடிக்கு அனுப்பலாம். சுரங்கத்தில் வேலை நடப்பது ஒரே முகப்பில், அதாவது தோண்டிக்கொண்டு போகும் முனையில். அது நின்றால் பின்னால் உள்ள அத்தனையும் நிற்கும், சம்பளமும் வாடகையும் மட்டும் நிற்காது. செலவில் பெரும்பங்கு மீட்டருக்கு ஆகும் செலவல்ல, நாளுக்கு ஆகும் செலவு.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஆறு கிலோமீட்டர் சுரங்கம். நாளுக்கு 15 மீட்டர் போகும் என்று திட்டம். 400 நாள் ஆகும். இயந்திரம், ஆள், மின்சாரம், மேல்செலவு எல்லாம் சேர்த்து நாளுக்கு 40 லட்சம் ரூபாய் என்று வைப்போம். 160 கோடி. பாறை கொஞ்சம் மோசம், 12 மீட்டர்தான் போகிறது. 500 நாள், 200 கோடி. ஒரு மூட்டை சிமென்ட்கூட கூடுதலாகப் போடவில்லை, 40 கோடி கூடிவிட்டது. நாளுக்கு மூன்று மீட்டர் குறைந்ததன் விலை அது.

இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் சாதாரணப் பட்டை வரைபடத்தைவிட டைம்-செயினேஜ் சார்ட்டை நம்புகிறார்கள். ஒரு பக்கம் தூரம், இன்னொரு பக்கம் நாள். தோண்டும் வேகம் ஒரு சாய்கோடாகத் தெரியும். பின்னாலேயே லைனிங்குக்கு இன்னொரு கோடு. இரண்டும் நெருங்கி முட்டப்போகிறது என்றால் மூன்று மாதம் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எஸ்டிமேட் போடுபவர்கள் ஏன் எப்போதும் குறைத்தே போடுகிறார்கள்?

வேண்டுமென்றே குறைப்பவர்களும் உண்டு, ஒப்புதல் வாங்க அது ஒரு பழைய உத்தி. பென்ட் ஃப்ளூபியாவும் சக ஆய்வாளர்களும் 258 போக்குவரத்துத் திட்டங்களைப் பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பாலங்களும் சுரங்கங்களும் சராசரியாக 34 சதவீதம் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. நீர்ச் சுரங்கங்கள் அந்தக் கணக்கில் இல்லை, ஆனால் மனித சுபாவம் ஒன்றுதானே.

நேர்மையாகப் போட்டாலும் தப்பும். சில நூறு மீட்டருக்கு ஒரு துளை போட்டு, கைப்பிடி அளவு பாறை மாதிரியை எடுத்துப் பார்த்து, நடுவில் இருப்பதை ஊகிக்கிறோம். இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு பிளவு ஒளிந்திருந்தால் அது எந்த அறிக்கையிலும் வராது. துளையிடும் செலவில் சிக்கனம் பார்ப்பது பெரும்பாலும் வீண்.

எதிர்பாராத பாறை வந்தால் யார் பணம் கொடுப்பது?

சுரங்க ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

"எல்லா ஆபத்தும் ஒப்பந்ததாரருக்கே" என்று எழுதிவிட்டால் நகராட்சி தப்பிக்கலாம் என்று தோன்றும். நடப்பது வேறு. புத்தியுள்ளவர் அந்த ஆபத்துக்கும் சேர்த்து விலை போடுவார். ஆபத்து வராமலே போனாலும் அந்தப் பணம் போனது போனதுதான். புத்தியில்லாதவர் குறைந்த விலை போட்டு டெண்டரை எடுப்பார், பாறை கெட்டதும் கோர்ட்டுக்குப் போவார் அல்லது கைவிட்டுப் போவார்.

அமெரிக்காவில் புழங்கும் வழி, நில நிலைமைக்கு ஓர் அடிப்படைக் கோட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது. இத்தனை மீட்டர் நல்ல பாறை, இத்தனை மீட்டர் உடைந்த பாறை, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் ஊற்று என்று எண்ணாக. அதுவரை ஒப்பந்ததாரர் பாடு. அதைத் தாண்டினால் நகரத்தின் பாடு. இந்த அடிப்படை அறிக்கையை எப்படி எழுதுவது என்பதற்கு அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் வழிகாட்டி 1997-இலேயே வந்தது. 2019-இல் ஃபிடிக் என்னும் சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு சர்வதேசச் சுரங்கச் சங்கத்தோடு சேர்ந்து வெளியிட்ட மரகதப் புத்தகம் என்னும் மாதிரி ஒப்பந்தமும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. நிலம் மாறினால் பணம் மட்டுமல்ல, காலக்கெடுவும் சேர்ந்து மாறும்.

அறிக்கையில் "சில இடங்களில் ஊற்று இருக்கலாம்" என்று எழுதும் ஆலோசகரை நம்ப வேண்டாம். "சில" என்பது எத்தனை? அந்த ஒரு சொல்லை வைத்து வக்கீல்கள் வீடு கட்டுவார்கள்.

இது காகிதத்தில் சரி. உண்மையில் நிலம் கைவிட்ட வேலை ஏதாவது உண்டா?

லேக் மீட். லாஸ் வேகஸ் பகுதிக்குத் தண்ணீரில் சுமார் 90 சதவீதம் அந்த ஏரியிலிருந்து. வறட்சியால் ஏரி இறங்க இறங்க, பழைய உறிஞ்சு வாய்களில் மேலே இருப்பது வெளியே தெரிந்துவிடும் நிலை. ஆகவே ஏரியின் ஆழத்துக்கு அடியிலிருந்து சுமார் மூன்று மைல் சுரங்கம். 2008-இல் சுமார் 44.7 கோடி டாலருக்கு வடிவமைப்பும் கட்டுமானமும் சேர்த்து ஒரே ஒப்பந்தம்.

600 அடி ஆழத்துக்கு ஷாஃப்ட் இறக்கி, பெரிய இயந்திரத்தைப் பொருத்துவதற்காக ஒரு தொடக்கச் சுரங்கம் வெட்டினார்கள். 2010 ஜூலையில் அது பாறைப் பிளவு ஒன்றில் மோதி, தண்ணீரும் சேறும் உள்ளே புகுந்தது. பிளவை அடைத்துத் தாண்டப் பலமுறை முயன்றும் முடியவில்லை. கடைசியில் அந்தப் பாதையைக் கைவிட்டு வேறு திசையில் வெட்டினார்கள். ஒப்பந்ததாரருக்குக் கூடுதல் பணமும் கூடுதல் காலமும் கொடுக்கப்பட்டன.

கைவிடும் முடிவுதான் இதில் பாராட்ட வேண்டியது என்று நினைக்கிறேன். "இவ்வளவு செலவழித்தாயிற்றே" என்று அதே பிளவில் இன்னும் ஒரு வருடம் கிரவுட் (பிளவை அடைக்கும் சிமென்ட் கலவை) பாய்ச்சிக்கொண்டிருக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்வார்கள்.

புதிய பாதையில் 2011 கடைசியில் இயந்திரம் கிளம்பியது. இதற்கிடையே மேலே படகிலிருந்து, ஏரியின் தரையில் நூறடி உயர உறிஞ்சு அமைப்பை இறக்கிக் கான்கிரீட்டில் உட்கார வைத்தார்கள். கீழே வரும் இயந்திரம் அதன் வயிற்றில் போய்ச் சரியாக நுழைய வேண்டும். இரண்டு முனை வேலை, ஒரே புள்ளியில் சந்திப்பு. 2014 டிசம்பரில் நுழைந்தது, 2015-இல் தண்ணீர் வந்தது. ஆனால் 2012-இல் ஒரு தொழிலாளி அங்கே உயிரிழந்தார்.

முழுத் திட்டச் செலவு 81.7 கோடி டாலர். 44.7-ஐயும் 81.7-ஐயும் அடுத்தடுத்து வைத்து "இரட்டிப்பாகிவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். முதலாவது ஒரு ஒப்பந்தத்தின் தொகை, இரண்டாவது இணைப்புக் குழாய்கள் முதலான மற்ற வேலைகளும் சேர்ந்தது. செய்தித்தாளில் பாதிப் பரபரப்பு இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது.

தகராறு வந்தால் நீதிமன்றம்தானா?

வேண்டாம். வேலை தொடங்கும்போதே இரு தரப்பும் ஒத்துக்கொண்ட மூன்று அனுபவசாலிகளைத் தகராறு வாரியமாக வைத்துக்கொள்வது வழக்கம். அவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை சுரங்கத்துக்குள்ளேயே வந்து பார்ப்பார்கள். 1975-இல் கொலராடோவின் ஐசன்ஹோவர் சாலைச் சுரங்கத்தின் இரண்டாம் பாதைக்கு இதை வைத்தார்கள். முதல் பாதையை வெட்டும்போது பட்ட அடி அப்படி. ஐந்து வருடம் கழித்து ஒரு நீதிபதிக்குப் பாறையைப் புகைப்படத்தில் விளக்குவதைவிட, ஈரம் காயாத பாறையை நேரில் காட்டுவது மலிவு.

தோண்டும் வேலை 80 சதவீதம் முடிந்துவிட்டது. திட்டமும் 80 சதவீதம்தானே?

இல்லை. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியைத் தோண்டி முடித்ததாக மேயர் புளூம்பெர்க் அறிவித்தது 2006 ஆகஸ்டில். தண்ணீர் ஓடியது 2013-இல். நடுவில் ஏழு வருடம்! லைனிங், ஷாஃப்ட்டுகளில் குழாய், வால்வு அறைகள், மேலே தெருவில் உள்ள பழைய குழாய்களோடு இணைப்பு, அழுத்தச் சோதனை, கிருமிநீக்கம் எல்லாம் அதற்குள் வரும். தெருவைத் தோண்டும் இணைப்பு வேலைக்குப் போக்குவரத்து அனுமதியும், மின்வாரியக் கேபிளும், கடைக்காரர் எதிர்ப்பும் சேரும்.

மாத அறிக்கையில் மீட்டர் கணக்கை மட்டும் போட்டால் இந்த வால் தெரியாது. ஒவ்வொரு வேலைக்கும் பண மதிப்பு கொடுத்து, முடிந்த வேலையின் மதிப்பு எவ்வளவு, அதற்குச் செலவானது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். 100 ரூபாய்க்குத் திட்டமிட்ட மாதத்தில் 80 ரூபாய் மதிப்புள்ள வேலை நடந்து 95 ரூபாய் செலவாகியிருந்தால், "பட்ஜெட்டுக்குள் 5 ரூபாய் மிச்சம்" என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் 15 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கிறது, அதோடு காலமும் பின்தங்கியிருக்கிறது.

கையிருப்பாக எத்தனை சதவீதம் ஒதுக்கலாம்?

"பத்து சதவீதம் போடுங்கள்" என்று சொல்பவர் யோசிக்கவில்லை என்று பொருள். ஆபத்துகளைப் பட்டியல் போடுங்கள்: பிளவு, ஊற்று, இயந்திரத்தின் பேரிங் பழுது, மின்தடை, நிலம் கையகப்படுத்தல் தாமதம். ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு எவ்வளவு, வந்தால் எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று எழுதி, கணினியில் ஆயிரக்கணக்கான தடவை குலுக்கிப் பார்த்தால், எந்தத் தொகைக்குள் முடிய 80 சதவீத வாய்ப்பு என்று ஓர் எண் வரும். நாட்களுக்கும் இதே மாதிரி கையிருப்பு வேண்டும். பலர் பணத்துக்கு மட்டும் வைத்துவிட்டு நாளுக்கு வைக்க மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், அந்தப் பணத்தை யார் கையெழுத்தில் எடுக்கலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் வருடமே புதுப் பூங்கா, வளைவு, அலங்கார விளக்கு என்று கரைந்துவிடும்.

தோண்டும் இயந்திரம் இருந்தால் வேகம் உறுதியா?

வெடிவைத்துத் தோண்டியதைவிட நியூயார்க்கில் இயந்திரம் இரு மடங்கு வேகத்தில் போனது. ஆனால் அதைச் செய்து, கொண்டுவந்து, ஷாஃப்ட்டில் இறக்கிப் பொருத்த ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். முதல் சில வாரங்கள் ஆட்கள் பழக மெதுவாகத்தான் போகும், அட்டவணையில் அதை ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளின் பாதியாவது கட்டர் எனும் பாறை வெட்டும் பற்களை மாற்றுவதிலும் பழுது பார்ப்பதிலும் போகும். விற்பனைக்காரர் காட்டும் உச்ச வேகத்தை வைத்து அட்டவணை போடுவது, வண்டியின் ஸ்பீடோமீட்டரில் 180 இருக்கிறது என்று ஊர் போய்ச் சேரும் நேரம் சொல்வது மாதிரி.

நம் கையில் இல்லாத காரணத்தால் அட்டவணை கெடுமா?

கெடும். நியூயார்க்கின் டெலவேர் கால்வாய்ச் சுரங்கம் 85 மைல் நீளம், பல பத்தாண்டுகளாகக் கசிவு. அதற்கு ஹட்சன் ஆற்றுக்கு அடியில் 600 அடி ஆழத்தில் இரண்டரை மைல் மாற்றுப்பாதை வெட்டினார்கள். அமெரிக்காவில் சிவில் பொறியியல் பட்டம் பெற்ற முன்னோடிப் பெண்களில் ஒருவரான நோரா ஸ்டான்டன் பிளாட்சின் பெயரால் இயந்திரத்துக்கு "நோரா" என்று பெயர். தோண்டல் 2019-இல் முடிந்தது.

இனி பழையதை நிறுத்தி, வடித்து, புதியதோடு இணைக்க வேண்டும். அதற்குப் பல மாதம் நகரம் அந்தத் தண்ணீர் இல்லாமல் மற்ற ஏரிகளை நம்பி இருக்க வேண்டும். தேவை குறைந்த குளிர்மாதங்களில்தான் முடியும். ஒரு குளிர்காலம் தவறினால் அடுத்த வருடம். 2024 அக்டோபரில் ஒருவழியாக நிறுத்தினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் மழை பொய்த்தது. நவம்பரில் வேலையை நிறுத்திவைத்துப் பழைய சுரங்கத்தைத் திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று. தோண்டியவர்கள்மேல் குற்றமே இல்லை. ஓடும் குடிநீரை நிறுத்தும் வேலைக்கு அட்டவணையில் தேதி போடாதீர்கள், பருவம் போடுங்கள். அடுத்த பருவத்துக்கான செலவையும் ஓரமாக எழுதி வையுங்கள்.

பின்தங்கிவிட்டோம், கூடுதல் ஷிஃப்ட் போட்டு ஓடிப் பிடிக்கலாமா?

ஓரளவு. முகப்பு ஒன்றுதான் என்பதால் ஆளைக் கூட்டினால் வேகம் கூடாது, நெரிசல்தான் கூடும். இன்னொரு ஷாஃப்ட்டிலிருந்து எதிர்த்திசையில் தோண்டலாம், அதற்கு இன்னொரு இயந்திரமும் குழுவும் வேண்டும். தோண்டலைத் துரத்துவதைவிட, வால்வு வாங்குவதையும் தெரு அனுமதியையும் முன்கூட்டியே இழுப்பது மலிவான வழி.

நியூயார்க்கில் சுரங்கம் தோண்டுபவர்களுக்குச் சாண்ட்ஹாக் என்று பெயர். "மைலுக்கு ஓர் ஆள்" என்பது அவர்களிடையே புழங்கிய சொல், ஒரு மைலுக்கு ஓர் உயிர். மூன்றாம் சுரங்கத்தில் 1970 முதல் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். பின்தங்கிய அட்டவணையோடு ஒரு மேலாளர் ஷாஃப்ட் வாசலில் நின்று கத்தும்போது முதலில் கைவிடப்படுவது கூரைக்குப் போட வேண்டிய போல்ட்டுகள்தான்.

நகராட்சிப் பக்கத்தில் இருப்பவர் வாராவாரம் என்ன பார்க்க வேண்டும்?

ஷிஃப்ட் அறிக்கை. எத்தனை மீட்டர், எத்தனை மணி நேரம் இயந்திரம் சுழன்றது, நின்ற நேரம் எதனால் நின்றது. அதில் பாறைக்காக நின்றது எவ்வளவு, பழுதுக்காக நின்றது எவ்வளவு என்று பிரித்து, இரு தரப்பும் அன்றே கையெழுத்திட வேண்டும். மூன்று வருடம் கழித்து வரும் கோரிக்கையைத் தீர்ப்பது அந்தத் தாள்தான்.

பிறகு வரைபடத்தில் பாறையின் நிறம். ஒவ்வொரு நாளும் புவியியலாளர் முகப்பைப் பார்த்து வரைவதையும், அடிப்படை அறிக்கையில் எழுதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். விலகல் தொடங்கினால் உடனே மேலே சொல்லுங்கள். திருத்திய மதிப்பீட்டை வருடக் கடைசியில் குண்டு போல் போடுவதைவிட, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிட்டால் திட்டும் கொஞ்சம் கொஞ்சமாகவே விழும்.